வானத்துக்கு ஒரு தோணித்துறை

பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு உடனுக்குடன் விடை சொல்லிவிடுவது முதியவர்களிடம் ஊறிப்போன ஒரு பழக்கம். சொன்ன விடை சரிதானா என்று பின்னர் அமர்ந்து எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நாமும் அந்தப் பழக்கத்துக்கு விலக்கானவர் அல்லோம். அண்மையில் நம் மகளின் மகள் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு நாம் அவசரமாகச் சொன்ன விடையும், அவ்விடையால் விளைந்த வருத்தமுமே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

ஓர் இரவு, உணவுக்கு அமர்ந்திருந்த வேளையில் அவள் கேட்டாள்: "நன்னா, அரசாங்கம் அல்லாமல் தனியார் நிறுவனங்களே கலம் கட்டி மனிதர்களை விண்வெளிக்கு அனுப்புகிறார்களே, அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"பணம் மிகுந்தவர்களின் விளையாட்டம்மா அது! பூமியில் செலவழிக்க இடமில்லாமல் வானத்தில் போய்ச் செலவழிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நாமே சிரித்தும் கொண்டோம். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாட்கள் கழித்து மகள் வந்து உண்மையைச் சொன்னாள். பேத்தி பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு, விண்வெளிப் பொறியியல் படிப்புக்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்பி வைத்திருந்தாளாம். மருமகன் வளைகுடா நாட்டில் பணிபுரிவதால், வீட்டின் முடிவுகள் பெரும்பாலும் நம்மிடமே வந்து நிற்கும். அன்றிரவு நம் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரும், அதைத் தொடர்ந்து விண்ணப்பத்தை நீட்டலாம் என்று எண்ணியிருந்தாளாம். நம் விடையைக் கேட்டபின், "நன்னாவே விளையாட்டு என்று சொல்லிவிட்டார்கள். இனி யாரிடம் போய்க் கேட்பது?" என்று கூறி, அந்தத் தாளைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டாளாம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நாம் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் அளவுக்கு அதைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடக்கூடிய ஒரு சொல்லைச் சொல்லுமுன் ஒரு நாழிகையேனும் படித்துப் பார்த்தோமா? படிக்கவில்லை. எனவே அதன்பின் சில வாரங்கள் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். அறிந்துகொண்டவற்றை வாசகப் பெருமக்களின் முன் வைக்கிறோம். இதே கேள்வி நாளை உங்கள் இல்லத்திலும் எழலாம்.

விண்வெளி என்றால் அரசாங்கம் என்றே நம் தலைமுறை எண்ணி வளர்ந்தது. 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. பள்ளிக்குப் புறப்பட்ட நாம் தெருக்கோடிக் கடையில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டோம். சந்திரனில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்றார்கள். அன்று பள்ளிக்குத் தாமதமாகச் சென்றதற்காக ஆசிரியர் நம்மை அடிக்கவில்லை. செய்தியைக் கேட்டுவிட்டு, அவரும் வகுப்பை விட்டு வெளியே வந்து பகல் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அந்த நாளில் அமெரிக்கா ஒரு பக்கம், சோவியத் ரஷ்யா மறுபக்கம் என்று இரண்டு வல்லரசுகள் தத்தம் கருவூலத்தைத் திறந்து விட்டிருந்தன. ஒரு தனி மனிதர் ராக்கெட் கட்டுவது என்றால், ஒரு தனி மனிதர் படை திரட்டிப் போருக்குப் போவது போலவே நமக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் நம்முடைய நன்னா காலத்துக் கடல் வாழ்க்கையை நினைத்துப் பார்த்திருந்தால் அப்படித் தோன்றியிராது. எங்கள் ஊரிலிருந்து இலங்கைக்குப் பாய்விரித்துச் சென்ற தோணிகளில் ஒன்றுகூட அரசாங்கத் தோணி அன்று. அவை வணிகர்கள் தம் கைப்பொருளையும் கடன் வாங்கிய பொருளையும் போட்டுக் கட்டியவை. அவற்றைச் செலுத்திய தண்டல் ஊதியத்துக்கு வந்தவர். ஏறியவர்கள் கூலி கொடுத்து ஏறியவர்கள். கடலில் இயல்பாக இருந்த ஒன்று வானத்தில் நடந்தபோது மட்டும் நமக்கு ஏன் நகைப்பு வந்தது?

விமானத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. நியூயார்க் நகரில் உணவு விடுதி நடத்திவந்த ரேமண்ட் ஓர்ட்டீக் என்பவர் 1919-ஆம் ஆண்டு ஒரு பரிசை அறிவித்தார். நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் இடையே எங்கும் நிற்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர். பலர் முயன்றனர், சிலர் உயிரிழந்தனர். 1927 மே மாதத்தில் சார்லஸ் லிண்ட்பர்க் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் தன்னந்தனியாக முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து பாரிசில் இறங்கினார். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் மக்கள் பயணம் செய்யக்கூடும் என்ற நம்பிக்கை அதன்பின் வலுப்பெற்றது. அந்தப் பரிசை வைத்தவர் மன்னருமல்லர், படைத்தலைவருமல்லர்; விடுதிக்காரர்.

இந்தக் கதையைப் படித்து அதிலேயே மனம் தோய்ந்த பீட்டர் டயமாண்டிஸ் என்ற அமெரிக்கர், 1996 மே மாதத்தில் அதே போன்றதொரு பரிசை விண்வெளிக்காக அறிவித்தார். அரசாங்கப் பணம் இல்லாமல் கட்டப்பட்ட கலம். மூவர் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தை எட்டிப் பத்திரமாகத் திரும்ப வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அதே கலம் மறுபடியும் அவ்வாறு சென்று வர வேண்டும். வென்றால் ஒரு கோடி டாலர். உலகின் பல நாடுகளிலிருந்து 26 குழுக்கள் பெயர் கொடுத்தன.

அறிவிப்பது எளிது, பணத்துக்கு எங்கே போவது? பல ஆண்டுகள் அலைந்தபின் அவருக்குக் கை கொடுத்த குடும்பத்தின் பெயரைக் கண்டதும் நம் விழிகள் அங்கேயே நின்றன. அன்சாரி! அனூஷே அன்சாரி என்ற பெண்மணியும், அவர் கணவரின் சகோதரர் அமீர் அன்சாரியும் பெருந்தொகை அளித்ததால், 2004-ஆம் ஆண்டில் அந்தப் பரிசுக்கு 'அன்சாரி எக்ஸ் பரிசு' என்றே பெயர் மாற்றப்பட்டது. அனூஷே ஈரானில் மஷ்ஹத் நகரில் 1966-இல் பிறந்தவர். சிறுமியாக இருந்த நாளிலிருந்தே விண்மீன்கள் மீது தீராத ஆசை கொண்டவர். 1984-இல் ஆங்கிலம் அறியாத இளம்பெண்ணாக அமெரிக்காவில் குடியேறி, மொழி கற்று, மின்னணுப் பொறியியல் பயின்று, குடும்பத்தாருடன் சேர்ந்து தொலைத்தொடர்பு நிறுவனம் தொடங்கிப் பொருளீட்டியவர். ஈட்டியதில் ஒரு பங்கைத் தம் இளமைக் கனவுக்கு அவர் கொடுத்தார்.

இனி, பரிசு வென்ற கலத்தைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் மொஹாவி என்றொரு பாலைவனம். அங்கே பர்ட் ருட்டன் என்ற விமானப் பொறியாளர் சிறியதொரு நிறுவனம் நடத்திவந்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலன் பணம் கொடுக்க, அவர் கட்டிய கலத்தின் பெயர் ஸ்பேஸ்ஷிப் ஒன். அதைத் தரையிலிருந்து நேராக ஏவவில்லை. மற்றொரு விமானம் அதைத் தன் வயிற்றின் கீழ் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரம் சென்று விட்டுவிடும். தாய் தன் இடுப்புப் பிள்ளையைத் திண்ணையில் இறக்கிவிடுவது போலத்தான். அதன்பின் கலத்தின் சொந்த எஞ்சின் எரியத் தொடங்கும். எரிபொருள் ஒருவகை ரப்பர். அதை எரிக்க உதவுவது பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயு என்றறிந்தபோது நாம் வியந்தே போனோம்.

மேலே போவது ஒரு பாடு. திரும்பி வருவது பெரும்பாடு. வளிமண்டலத்துக்குள் மிகு வேகத்தில் நுழையும் கலம் தலைகுப்புறக் கவிழாமலும் வெப்பத்தால் கருகாமலும் வர வேண்டும். ருட்டன் கண்ட வழி எளிமையானது. இறக்கையின் பின்பகுதியையும் வாலையும் சேர்த்து மேல்நோக்கி மடித்துவிடுவது. அப்போது கலம் இறகுப்பந்து போலாகிவிடும். இறகுப்பந்தை எப்படி வீசினாலும் அது தானே திரும்பி, தக்கைப் பக்கம் முன்னாகவே வருமன்றோ? அதுபோலக் கலமும் தானே நிலைகொண்டு, காற்றின் தடையால் வேகம் குறைந்து மெல்ல இறங்கும். கீழே வந்ததும் இறக்கையைப் பழையபடி விரித்து, சாதாரண விமானம் போல் ஓடுபாதையில் இறங்கலாம்.

2004 ஜூன் 21 காலை, பாலைவனத்தில் பல்லாயிரவர் கூடியிருக்க, மைக் மெல்வில் அக்கலத்தில் தனியாக ஏறினார். 100 கிலோமீட்டர் எல்லையை அவர் ஏறத்தாழ 120 மீட்டர் அளவே தாண்டினார். நம் ஊர்ப் பள்ளி விளையாட்டுத் திடலின் நீளந்தான்! எடையற்ற அந்தச் சில நிமிடங்களில் சட்டைப்பையிலிருந்து வண்ண வண்ணச் சாக்லேட் மிட்டாய்களை எடுத்து அவர் சிதறவிட்டாராம். அவை கலத்துக்குள் மிதந்து திரிந்தனவாம். அரசாங்கம் அல்லாத தனியார் ஒருவர் கட்டிய கலத்தில் மனிதன் விண்வெளியைத் தொட்டது அதுவே முதன்முறை. பின்னர் செப்டம்பர் 29-இல் மெல்வில் மீண்டும் பறந்தார். அப்போது கலம் பம்பரம் போல் சுழன்றது; பார்த்தவர்கள் கதிகலங்கினர்; அவர் நிதானமிழக்காமல் அதை அடக்கிக் கொண்டுவந்து இறக்கினார். அக்டோபர் 4-இல் பிரையன் பின்னி 112 கிலோமீட்டர் உயரம் சென்று பரிசை வென்று கொடுத்தார். 1957-இல் ஸ்புட்னிக் பறந்ததும் அதே அக்டோபர் 4-இல்தான். இன்று அந்தக் கலம் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிண்ட்பர்க்கின் விமானமும் அந்த அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

இவ்வளவையும் படித்தபோது நம் மனம் கிளர்ச்சியுற்றது உண்மை. ஆனால் கிளர்ச்சியோடு நிறுத்திவிட்டால் பேத்திக்கு நாம் மீண்டும் அரைகுறை விடையே சொன்னவராவோம். மறுபக்கத்தையும் படித்தோம்.

2007 ஜூலை 26-இல் மொஹாவியில் அதே நிறுவனம், அடுத்த கலத்துக்காக அந்தச் சிரிப்பூட்டும் வாயுவைச் செலுத்தும் சோதனையொன்றைச் செய்தது. பெரும் வெடிப்பு நேர்ந்தது. மூவர் மாண்டனர், மூவர் காயமுற்றனர். மாண்டவர்கள் விண்வெளிக்குப் புறப்பட்டவர்கள் அல்லர். தரையில் நின்று வேலை செய்தவர்கள்.

2014 அக்டோபர் 31-இல் அடுத்த கலமான ஸ்பேஸ்ஷிப் டூ சோதனைப் பறப்புக்குப் போயிற்று. பீட்டர் சீபோல்டு கலத்தைச் செலுத்த, மைக்கேல் ஆல்ஸ்பரி துணை விமானியாக அமர்ந்திருந்தார். நாம் மேலே சொன்னோமே, வாலை மடிக்கும் அமைப்பு, அதற்கு ஒரு பூட்டு உண்டு. கலம் ஒலியைவிட 1.4 மடங்கு வேகத்தை எட்டியபின்னரே அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். ஆல்ஸ்பரி ஒலியின் வேகத்தை எட்டுமுன்னரே, சில விநாடிகள் முந்தித் திறந்துவிட்டார். காற்றின் அழுத்தம் வாலைத் தானாகவே மேலே தூக்கிவிட, கலம் நடுவானில் சிதறியது. சீபோல்டு வெளியே வீசியெறியப்பட்டு, குடை விரிந்து, படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். ஆல்ஸ்பரி உயிர் பிழைக்கவில்லை. மனிதனைக் காப்பாற்ற அமைத்த கருவியே அவனுக்கு எமனாயிற்று.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2015-இல் தன் முடிவை வெளியிட்டது. மாண்டவர் மீது பழியைப் போட்டுவிட்டு அது கோப்பை மூடிவிடவில்லை. ஒரே ஒருவர் செய்யும் ஒரே ஒரு பிழை கலத்தையே அழித்துவிடக்கூடும் என்பதை, அதைக் கட்டிய நிறுவனம் எண்ணிப் பாராமலும் தடுப்பு அமைக்காமலும் விட்டதே காரணம் என்று அது கூறியது. இந்த வரியை நாம் பலமுறை படித்தோம். கை தவறுவது மனித இயல்பு. தவறும் கையைத் தாங்கிக்கொள்ளும்படி கருவியைச் செய்வது செய்பவரின் கடமை.

இதைப் படித்த இரவில் நமக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. நம் நன்னாவின் இளைய சகோதரர், நாம் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னர், இலங்கைக்குப் போன ஒரு தோணியில் வேலைக்குச் சென்றார். புயலில் அகப்பட்ட தோணி திரும்பவில்லை. உம்மா சொல்வார்கள்: அவருடைய தாயார் தம் கடைசி நாள் வரையிலும் மாலை வேளையில் கடற்கரைப் பக்கம் உள்ள சன்னலை மூட விடமாட்டார்களாம். அந்தத் தோணி பழுதுபட்டது என்பது சம்மாட்டிக்குத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தெரிந்தும் அனுப்பினாரா, தெரியாமல் அனுப்பினாரா என்று கேட்பதற்கு அன்று விசாரணையும் இல்லை, வாரியமும் இல்லை. பேத்தியிடம் அன்றிரவு நாம் சிரித்த சிரிப்புக்குள் இந்தப் பழைய அச்சமும் ஒளிந்திருந்ததோ என்னவோ! சன்னலருகே காத்திருப்பவர்களின் குடும்பத்தில் பிறந்த நமக்கு, ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போகிறேன் என்றால் முதலில் ஏளனந்தான் வாய்க்கு வருகிறது.

அரசாங்கக் கலங்கள் மட்டும் ஆபத்தற்றவையா என்று கேட்கலாம். இல்லை. 1986-இல் சாலஞ்சர், 2003-இல் கொலம்பியா என்று இரண்டு அமெரிக்க அரசாங்க ஓடங்களில் எவ்வேழு பேராகப் பதினால்வர் மாண்டனர். ஆபத்து இரண்டுக்கும் பொது. ஆனால் கூலி வாங்கிக்கொண்டு ஏற்றுபவனுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. 2004-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இதில் ஒரு விசித்திரமான நிலையை ஏற்படுத்தியது. இந்தக் கலம் பாதுகாப்பானது என்று அரசாங்கம் சான்றளிக்கவில்லை என்பதைப் பயணிக்கு எழுத்தில் அறிவித்து, அவருடைய ஒப்புதலையும் எழுத்தில் பெற வேண்டும். அதே வேளையில், பயணியின் பாதுகாப்புக்கென விரிவான விதிகளை அரசாங்கம் எட்டாண்டுகளுக்குப் பொதுவாக விதிக்கலாகாது. தொழில் முளைவிடும் பருவத்தில் விதிகளால் நசுங்கிவிடக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்த எட்டாண்டு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டுவிட்டது. முளைக்கு வேலி தேவையில்லை என்பதை ஒருவாறு ஒப்பலாம். மரமான பின்னும் வேலி கூடாது என்றால் எப்படி? இது நம் ஐயம்.

அடுத்து, 'பணக்காரர் விளையாட்டு' என்று நாம் சொன்ன சொல். அதில் உண்மை எவ்வளவு? 2001 ஏப்ரல் 28-இல் டென்னிஸ் டிட்டோ என்ற அறுபது வயது அமெரிக்கச் செல்வர், ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் கொடுத்து, ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அதை விரும்பவில்லை. எனினும் தடுக்க முடியவில்லை. சொந்தச் செலவில் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவர். 2006 செப்டம்பரில் அதே வழியில் அனூஷே அன்சாரியும் சென்றார். விண்வெளிக்குச் சென்ற முதல் முஸ்லிம் பெண்மணி அவரே. பரிசுக்குப் பணம் கொடுத்தவர் தாமே பயணியுமானார். இவர்கள் பணக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. அந்தப் பணத்தில் எத்தனை கிணறு வெட்டலாம், எத்தனை பள்ளி கட்டலாம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்தக் கேள்வியை நாம் இன்றும் கைவிடவில்லை.

ஆயினும் பயணிகளின் பட்டியலை மேலும் படித்தபோது வேறு சில முகங்களும் தென்பட்டன. வாலி ஃபங்க் என்ற பெண் விமானி 1961-இல் விண்வெளி வீரர்களுக்கு வைக்கப்பட்டவை போன்ற கடுஞ்சோதனைகளில் தேறினார். பெண் என்பதால் அவருக்கு அரசாங்கக் கலத்தில் இடம் கிடைக்கவில்லை. அறுபதாண்டுகள் கழித்து, 2021 ஜூலை 20-இல், தம் 82-ஆம் வயதில் ஜெஃப் பெசோஸின் ப்ளூ ஆரிஜின் நிறுவனக் கலத்தில் விருந்தினராகப் பத்து நிமிடப் பயணம் சென்று திரும்பினார். அரசாங்கம் மூடிய கதவைத் தனியார் ஒருவர் திறந்துவிட்டார். இதை மறுப்பதற்கில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜாரெட் ஐசக்மன் என்ற செல்வர் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலம் ஒன்றை முழுமையாக வாடகைக்கு எடுத்தார். அதில் மூன்று நாட்கள் பூமியைச் சுற்றி வந்த நால்வரில் ஒருவர்கூட அரசாங்கத்தின் விண்வெளி வீரர் அல்லர். அவர்களுள் ஹேய்லி ஆர்சினோ என்ற 29 வயதுப் பெண், பத்து வயதில் எலும்புப் புற்றுநோயால் துன்புற்றவர். காலில் செயற்கை எலும்பு பொருத்தப்பட்டவர். தம்மைக் குணப்படுத்திய அதே குழந்தைகள் மருத்துவமனையிலேயே பின்னர் பணியில் சேர்ந்தவர். அந்தப் பயணத்தை முன்னிட்டு அம்மருத்துவமனைக்கு 20 கோடி டாலருக்கு மேல் திரண்டது. பழைய விதிகளின்படி அவரைப் போன்ற ஒருவரை எந்த நாட்டு விண்வெளித் துறையும் தேர்ந்தெடுத்திராது.

2023 மே மாதத்தில் ஆக்சியம் என்ற நிறுவனத்தின் ஏற்பாட்டில், மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வில் ஈடுபட்ட ரய்யானா பர்னாவி, சவூதி அரேபியாவின் முதல் விண்வெளிப் பெண்மணியாகச் சென்று வந்தார். 2025 ஜூன் 25-இல் அதே நிறுவனத்தின் பயணமொன்றில் நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா புறப்பட்டு, ஜூலை 15-இல் திரும்பினார். 1984-இல் ராகேஷ் சர்மா சென்றபின் நாற்பத்தோராண்டுகள் கழித்து விண்வெளிக்குச் சென்ற இந்தியர் அவர். தனியார் பயணங்களின் இருக்கைகளை இன்று தனிச்செல்வர்கள் மட்டும் வாங்கவில்லை. சொந்தக் கலம் இன்னும் ஆயத்தமாகாத நாடுகளும் வாங்குகின்றன.

இங்கே மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'தனியார்' என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. 2020 மே 30-இல் ஸ்பேஸ்எக்ஸ் கலம் இருவரைச் சுமந்து புறப்பட்டதே, ஒரு தனியார் நிறுவனக் கலம் மனிதரைப் பூமியைச் சுற்றும் பாதைக்குக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சி, அதன் ஏவுதளம் 1969-இல் சந்திரனுக்கு ஆட்களை அனுப்பிய அதே அரசாங்க ஏவுதளம். சென்ற இருவரும் நாசாவின் வீரர்கள். கலத்தை உருவாக்கப் பெரும்பணம் கொடுத்தது நாசா. 2011-இல் தன் விண்வெளி ஓடங்களுக்கு ஓய்வு கொடுத்தபின் ஒன்பதாண்டுகள் தன் மண்ணிலிருந்து ஒருவரையும் அனுப்ப முடியாமல் ரஷ்யாவிடம் இருக்கை வாங்கி வந்த அமெரிக்க அரசு, வேறு வழி தேடியபோது பிறந்தது அது. மக்களின் வரிப்பணமும் தனியாரின் துணிவும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அதன் பலனிலும் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்பது நியாயமே.

எதிர்காலம் எப்படியிருக்கும்? விலை குறையுமா என்பதே முதற்கேள்வி. முன்பெல்லாம் ராக்கெட் ஒருமுறை பறந்தால் கடலில் விழுந்து அழியும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கப்பலைக் கட்டிக் கரை சேர்ந்ததும் கொளுத்திவிடுவது போன்ற வாணிகம் அது. 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் அடிப்பகுதி விண்ணிலிருந்து திரும்பித் தரையில் நிமிர்ந்து இறங்கியது. பின்னர் அத்தகைய அடிப்பகுதிகள் மீண்டும் மீண்டும் பறக்கத் தொடங்கின. இதனால் செலவு குறைந்தது. எளியவர் ஏறும் அளவுக்கு இன்னும் குறையவில்லை. 2024 செப்டம்பர் 12-இல் ஐசக்மனும் சாரா கில்லிஸ் என்ற பெண் பொறியாளரும் டிராகன் கலத்தின் கதவைத் திறந்து வெளியே உடலை நீட்டினர். தனியார் பயணத்தில் நிகழ்ந்த முதல் விண்வெளி நடை அது. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 2030-ஐ ஒட்டி ஓய்வு கொடுத்துவிட்டு, அதன்பின் தனியார் கட்டும் நிலையங்களில் இடம் வாங்கிக்கொள்வது நாசாவின் திட்டம். ஆக, துறைமுகமும் கலமும் தனியாரிடம் போகும் காலம் நெருங்குகிறது. அப்போது பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? பயணக்கூலியை நிர்ணயிப்பவர் யார்? ஒரு தோணி திரும்பாவிட்டால் சன்னலருகே நிற்பவருக்கு விடை சொல்பவர் யார்? வானத்தைக் கண்டு மகிழும் நாம் இவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவும் படித்து முடித்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பேத்தியை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டோம். "அன்றைக்கு உன் கேள்விக்கு நான் சொன்ன விடை பாதி விடை. படிக்காமல் சொன்னது. மன்னித்துக்கொள்" என்றோம். அவள் பதறிப்போய், "என்ன நன்னா, நீங்கள் போய் என்னிடம்..." என்றாள். படித்ததையெல்லாம் சொன்னோம். மொஹாவியையும், அனூஷேயையும், மிட்டாய்களையும் சொன்னோம். ஆல்ஸ்பரியைச் சொன்னோம். நம் நன்னாவின் தம்பியையும், அந்தச் சன்னலையும் அவளிடம் முதன்முறையாகச் சொன்னோம். இறுதியில், "நீ விண்வெளிக்குப் போக ஆசைப்பட்டால் தடுக்க மாட்டேன், ஆனால் எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டோம்.

அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "நன்னா, நான் போக வேண்டும் என்று சொல்லவேயில்லையே! உம்மாவும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 2014 விபத்தைப் பற்றி எங்கள் அறிவியல் ஆசிரியை வகுப்பில் சொன்னார்கள். முந்தித் திறக்க முயன்றால் திறக்காத பூட்டு ஒன்றை ஏன் செய்யவில்லை என்று நான் கேட்டேன். அதைப் படித்துவிட்டு வந்து நீயே செய் என்றார்கள். அதற்குத்தான் படிக்க நினைத்தேன்" என்றாள்.

நமக்கு மறுமொழி வரவில்லை. நாம் பல வாரங்கள் படித்து வந்து சேர்ந்த இடத்தில் அவள் முன்னமே நின்றுகொண்டிருந்தாள். எழுந்து போய் நம் மூக்குக் கண்ணாடியையும் எழுதுகோலையும் எடுத்து வந்து, "அந்த விண்ணப்பத்தைக் கொண்டு வா" என்றோம். மடிப்பு விழுந்த அந்தத் தாளை அவள் மேசைமேல் வைத்துக் கையால் நீவிவிட்டாள். பாதுகாவலர் என்று அச்சிட்டிருந்த இடத்தில் கையெழுத்திட்டோம்.

கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.